எடப்புளி நாட்டுக்கு ரெண்டே மெகாவாட்

"ஏனுங்க டீச்சர், எங்க எடப்புளி நாடுன்னா உங்களுக்கு அத்தனை எளப்பமாப் போச்சுங்களா?"

லேப் வாசலில் வெள்ளையன் நின்றிருந்தார். மிளகு விவசாயி; பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அப்பா; பள்ளி மேலாண்மைக் குழுவில் எடப்புளி நாட்டின் குரல். கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பைக்கில் வந்த வேகத்தில் தலைத்துண்டு ஒரு காதோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அறிவியல் ஆசிரியை பானுமதியின் விரல்களில் பசை. சுவரில் ஒட்டிய சார்ட்டின் ஒரு மூலையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"பைல் நாட்டுக்கு ஆயிரம். பெரக்கரை நாட்டுக்கு எரநூத்திப் பத்து. எங்களுக்கு ரெண்டு. ரெண்டு! நாங்க கோழிக்குத் தவிடு வெச்சாக்கூட ரெண்டு கையோட நிறுத்தறதில்லீங்க."

"அது நாட்டுக்கு இல்லீங்க, மின்நிலையத்துக்கு. அணுமின் நிலையத்துல ஒரு உலைக்கு ஆயிரம் மெகாவாட். அனல்மின் நிலையத்துல ஒரு யூனிட்டுக்கு எரநூத்திப் பத்து. காத்தாலை ஒண்ணுக்கு ரெண்டு. புத்தகத்துல இருக்கறதுதான்."

"புத்தகம் எழுதுனவரு எந்த நாடுங்க?"

பானுமதிக்கு அது தெரியவில்லை. தெரியாத இன்னொன்றும் இருந்தது. சார்ட்டில் பசை காயவில்லை. எடப்புளியிலிருந்து இங்கே வர அரைமணி நேரமாவது ஆகும்.

"உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

"போன் வந்துச்சு. யாருன்னு சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கறேன்," என்றார் வெள்ளையன். "நம்ம நாட்டு மேல அக்கறை உள்ளவங்கன்னு வெச்சுக்கங்க."

அவர் போனதும் பானுமதி தலைமையாசிரியர் அறைக்கு நடந்தாள்.

தலைமையாசிரியர் அருணாசலம் வரலாற்று ஆசிரியராக இருந்து உயர்ந்தவர். உயர்ந்த அன்றே சாக்பீஸைத் துறந்தார். அவர் அறை வாசலில் தொங்கிய பெயர்ப்பலகை கதவைவிட நீளம். பட்டங்களை எழுதிக்கொண்டே போன பெயிண்டர் பலகை தீர்ந்துபோய்க் கடைசியில் 'மற்றும் பல' என்று முடித்திருந்தார்.

வியாழக்கிழமை நடக்கப்போகும் 'ஆற்றல் பெருவிழா' அவருடைய யோசனை. எந்த மின்நிலையம் எவ்வளவு மின்சாரம் தயாரிக்கும் என்று மாணவர்கள் மாதிரி செய்து காட்டவேண்டும். மாணவர்களை நாடு வாரியாகப் பிரித்ததும் அவர்தான். கோவில் விழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் பார்க்கிற மூன்று நாடுகளுக்கு மூன்று மின்நிலையம். 'இதில் ஒரு வரலாற்றுப் பார்வை இருக்கிறது' என்று சொல்லியிருந்தார். இருக்கத்தான் செய்தது.

"சார், காத்தாலையை மட்டும் வேற யாருக்காவது..."

"பானுமதி." அருணாசலம் கண்ணாடியைக் கழற்றினார். முக்கியமான பேச்சு வரும்போது கண்ணாடி கழலும். "உங்க மாறுதல் ஆணை என் மேஜையில இருக்கு. நாளன்னிக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க ராசிபுரத்துல சேரணும். இல்லைன்னா ஆணை செல்லாது. சரியா?"

"ஆமாங்க சார்."

"விழா ஒரு சின்னச் சச்சரவு இல்லாம முடியட்டும். அடுத்த நிமிஷம் ரிலீவ் பண்ணிடறேன். சண்டைன்னு வந்துட்டா விசாரணை வரும். விசாரணைன்னா நீங்கதான் முக்கியச் சாட்சி. சாட்சியை மலையை விட்டு இறக்கினா சட்டம் என்னைக் கேக்காதா?"

பானுமதியின் கணவன் சந்தோஷ்குமாரும் ஐந்து வயது மகளும் ராசிபுரத்தில் இருந்தார்கள். வாரநாட்களில் அந்த வீட்டில் உப்புமாவைத் தவிர வேறு எதுவும் வெந்ததில்லை. நேற்று போனில் மகள், "அம்மா, நீ வர்றப்ப அப்பாவைச் சமையலறையில இருந்து ரிலீவ் பண்ணிடுவியா?" என்று கேட்டிருந்தாள்.

"ஒரே காத்தாலையா இல்லாம, அம்பது காத்தாலை உள்ள பண்ணையாக் காட்டிடலாங்க சார்," என்றாள் பானுமதி. "நூறு மெகாவாட் ஆயிரும். எடப்புளிக்காரங்க சமாதானம் ஆயிருவாங்க."

"அம்பதா?" அருணாசலம் நிமிர்ந்தார். "அம்பது ஃபேன் ஓடினா கரண்ட் பில் யாரு கட்டறது?"

"அது கரண்ட் எடுக்காதுங்க சார். கரண்ட் குடுக்கும்."

"ஃபேனா?"

"ஆமாங்க சார்."

அருணாசலம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வேலைப்பளு," என்றார். "போய்ச் செய்யுங்க."

சத்துணவுக்கூடத்து அத்தாயி டீ டம்ளரோடு உள்ளே போனாள். பானுமதி வெளியே வரும்போது அருணாசலம் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

மாணவர்கள் பழைய நோட்டு அட்டைகளை வெட்டி ஐம்பது காற்றாடி செய்து முடிப்பதற்குள் பெரக்கரை நாட்டுப் பொன்னாயி வந்துவிட்டார். மரவள்ளித் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார், கையில் மண்.

"ஏங்கண்ணு, அவிங்களுக்கு அம்பதாம். எங்களுக்கு ஒத்தைப் புகைக்குழாயாம். ஒத்தையா நிக்கறதுக்கு எங்க நாடு என்ன சீந்துவாரில்லாத நாடா?"

"உங்களோடது ஒண்ணே எரநூத்திப் பத்துங்க. அவங்களது அம்பதும் சேர்ந்தாத்தான் நூறு."

"எண்ணிப் பாக்கறவன் எதைக் கண்ணு எண்ணுவான்? குழாயைத்தானே எண்ணுவான்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பால்பவுடர் டின்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே சாம்பிராணி வைத்து, பெரக்கரை நாட்டுக்கு ஐந்து புகைக்குழாய் வைத்தாள். ஆயிரத்து ஐம்பது மெகாவாட்.

ஆயிரத்துக்கு மேல் ஐம்பது! பைல் நாட்டுக் கருப்பண்ணன் அரைமணியில் வாசலில் நின்றார். அவர் சத்தம் போடவில்லை. மெதுவாகப் பேசினார்; அதுதான் பயமாக இருந்தது.

"டீச்சர், அணுகுண்டுங்கறது எங்களுதுதானுங்களே?"

"குண்டு இல்லீங்க. அணு உலை."

"எதுவோ ஒண்ணு. அணுவை வெச்சுக்கிட்டு அம்பதுல தோத்துப்போனோம்னு தெரிஞ்சா எங்க ஊருக்குப் பொண்ணு குடுப்பாங்களா?"

இரண்டாவது உலை வைக்கவேண்டியதாயிற்று. முதல் உலை, அத்தாயியின் சாம்பார் குண்டானைக் கவிழ்த்து வெள்ளைத்தாள் ஒட்டியது. இரண்டாவதற்கு அவளுடைய சோற்றுக் குண்டான் போனது.

"நான் எதுல கண்ணு ஒலை வெக்கறது?" என்றாள் அத்தாயி இடுப்பில் கைவைத்து.

"ஒரு நாளுதாங்க அத்தாயிக்கா."

"அணுவுக்குக் குண்டான் கெடைக்குது. எரநூறு புள்ளைங்களுக்குக் குண்டான் இல்ல. நல்லாருக்குது உங்க கண்காட்சி."

அன்று மத்தியானம் சின்னச் சட்டிகளில் தவணை தவணையாகச் சோறு வெந்து, கடைசிப் பையன் சாப்பிட்டு முடித்தபோது பள்ளி விடும் மணி அடித்தது.

அதற்குள் எடப்புளி நாடு ஆயிரம் காற்றாலை கேட்டிருந்தது. செய்ய அட்டை இல்லாததால் சார்ட்டில் புள்ளி வைத்துக் காட்டினாள். பெரக்கரை புள்ளிக்குப் பதில் புள்ளி வைத்தது. பைல் நாடு, ஒரு புள்ளிக்கு ஓர் உலை என்று அறிவித்தது. புதன்கிழமை சாயங்காலம் கொல்லிமலையின் மொத்த உற்பத்தி முப்பதாயிரம் மெகாவாட்டைத் தாண்டியது. கோடை வெயிலில் தமிழ்நாடு முழுக்க ஏசி போட்டாலும் மிச்சம் பிடிக்கலாம்.

அந்த நேரத்தில் பள்ளியில் கரண்ட் இல்லை.

இந்த மலையில் அது செய்தியே இல்லை. கரண்ட் போனால் முதலில் சமையல்கூடத்துச் சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சைப் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தால் எதிர்வீட்டை எட்டிப் பார்ப்பார்கள். அங்கேயும் இல்லையென்றால் எங்கோ ஒரு சில்வர் ஓக் மரம் கம்பிமேல் சாய்ந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுவார்கள்.

பானுமதி இருட்டிலேயே மூவரையும் லேபுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"இதெல்லாம் கெப்பாசிட்டிங்க," என்றாள். "எத்தனை முடியுங்கறது. நெசமா எத்தனை வந்துச்சுங்கறது வேற. ஏனுங்க வெள்ளையண்ணா, உங்க பலாமரம் எத்தனை காய் தாங்கும்?"

"எரநூறு தாங்குமுங்க."

"போன வருஷம் எத்தனை எறக்குனீங்க?"

வெள்ளையன் குரல் இறங்கியது. "கொரங்கு தின்னது போக நாப்பது."

"காத்தாலையும் அப்படித்தான். ஆடிக்காத்துல சுத்தும். காத்து நின்னா சைபர்."

பொன்னாயி இருட்டில் சிரித்தார். "சைபராமா!"

"உங்க அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வேணுங்க. கரி வரலேன்னா அதுவும் சைபர்."

"கரி எங்கிருந்து வரோணும்?"

"ஒடிசாவுல இருந்து."

"எழுவது கொண்டையூசி வளைவு ஏறியா?" வெள்ளையனுக்கு உயிர் வந்தது. "கெழங்கு லாரியே பின்னாடி உருளுது. இதுல கரி லாரி!"

"எங்களுது ராப்பகலா ஓடும்," என்றார் கருப்பண்ணன் அடக்கமாக. "புத்தகத்துலயே போட்டிருக்குதாம்."

"ஓடுமுங்க. ஆனா எரிபொருள் மாத்தறப்ப வாரக்கணக்குல நிறுத்தி வெச்சிருப்பாங்க."

"யாரைக் கேட்டு?" என்றார் கருப்பண்ணன்.

பானுமதி சார்ட்டின் பக்கம் திரும்பினாள். "அதனால நம்பரே வேண்டாங்க. சார்ட்டைக் கிழிச்சிடறேன். மூணு மின்நிலையத்துக்கும் முன்னாடி ஆளுக்கு ஒரு பல்பு. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வெளிச்சம். சரிங்களா?"

மூவரும் யோசித்தார்கள். தனக்கு அதிகம் கிடைக்காவிட்டாலும் அடுத்தவருக்கும் கிடைக்காது என்பதில் ஒரு திருப்தி இருந்தது. தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பானுமதி நேராகத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

"அற்புதம்," என்றார் அருணாசலம். முகத்தில் அற்புதம் எதுவும் இல்லை. "பல்பு வாங்கறது யாரு?"

"அத்தாயிக்கா ஊட்டுக்குப் போற வழியில பூபதி கடையில வாங்கிட்டு வந்துருவாங்க சார்."

"சரி, அதெல்லாம் சில்லறை விஷயம்." கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பல்பு முதல்ல எரியும்?"

பானுமதி அதை யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் பள்ளிக்கு வரும்போது மூன்று நாடும் கேட்டிலேயே நின்றிருந்தது.

"மொத சுச்சு எங்களுதுதானுங்களே?" என்றார் வெள்ளையன்.

"வருசா வருசம் மொத மரியாதை பெரக்கரைக்குத்தான் கண்ணு," என்றார் பொன்னாயி.

கருப்பண்ணன் மெதுவாகத்தான் பேசினார். "அணு காத்திருக்காதுங்க."

ராத்திரி எல்லோருக்கும் போன் வந்திருந்தது.

பானுமதி அழவில்லை. அழுதால் அதற்கும் ஒரு நாட்டுக்காரர் முதலில் துண்டு நீட்டியதாகச் சண்டை வரும். விழாவுக்காக மின்நிலையங்களை வைத்திருந்த ஹாலுக்குள் போய் மூன்று பல்புகளின் ஒயரையும் ஒன்றாக முறுக்கினாள். மேஜைக்கடியில் விட்டு, சுவரில் இருந்த ஒரே பிளக்கில் செருகினாள். அணு, அனல், காற்று மூன்றுக்கும் ஒரே சுவிட்ச். சிறப்பு விருந்தினர் அமுக்கினால் மூன்றும் ஒரே நொடியில் எரியும்.

மின்நிலையங்கள் எதுவும் மின்சாரம் தயாரிக்காது, பிளக்கிலிருந்து எடுக்கும். நோட்டு அட்டையும் பால்பவுடர் டின்னும் வேறென்ன செய்யும்?

பதினோரு மணிக்கு மாவட்டக் கல்வி அலுவலர் சுசித்ரா ஜீப்பில் வந்து இறங்கினார். எழுபது வளைவில் முகம் வெளிறியிருந்தது. யாராவது எதையாவது சீக்கிரம் திறந்துவைக்கச் சொன்னால் செய்துவிட்டுப் படுக்கலாம் என்ற நிலையில் இருந்தார்.

அருணாசலம் விடவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"எனது மேற்பார்வையில், எனது நேரடி வழிகாட்டுதலில், இரவு பகல் பாராமல் நானே ஒவ்வொரு மின்நிலையத்தையும் வடிவமைத்து..."

பானுமதி ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டி கட்டிப் பஸ் நிறுத்தத்துக் கடையில் வைத்திருந்தாள். ராசிபுரம் பஸ் ஒன்றரைக்கு.

"...அணுவின் ஆழத்தையும் அனலின் அகலத்தையும் எனது இருபது ஆண்டு ஆய்வில்..."

பேச்சு முடிந்து சுசித்ரா சுவிட்ச் பக்கம் கை நீட்டியபோது, அருணாசலம் குனிந்து ஏதோ கிசுகிசுத்தார்.

"ஆமா, கேக்கலாமே," என்றார் சுசித்ரா. "டீச்சர், இந்த மூணுல எதுங்க அதிகமா கரண்ட் தயாரிக்கும்?"

வெள்ளையன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். பொன்னாயி முந்தானையைச் செருகினார். கருப்பண்ணன் புன்னகைத்தார்.

பானுமதி சுவிட்சைக் காட்டினாள். "எழுதி வெக்கறது ஒண்ணுங்க மேடம், எரியறது ஒண்ணு. சுவிட்சைப் போட்டீங்கன்னா எல்லாரும் பாத்துக்கலாம்."

சுசித்ரா போட்டார்.

மூன்று பல்பும் ஒன்றாக எரிந்தன. கைதட்டல் எழுந்தது. அருணாசலம் கைக்குட்டையை எடுத்து நெற்றியை அகலமாகத் துடைத்துக்கொண்டார்.

டக்.

ஹால் ஃபேன்கள் நின்றன. டியூப்லைட்டுகள் அணைந்தன. மைக் ஒரு தடவை முனகிவிட்டு ஓய்ந்தது. கரண்ட் போய்விட்டது.

பானுமதி கண்களை இறுக மூடிக்கொண்டாள். ராசிபுரம் பஸ் அவளை விட்டுவிட்டு வளைவு வளைவாக இறங்குவது மூடிய கண்ணுக்குள் தெரிந்தது. இனி யார் பல்பு முதலில் அணைந்தது என்று ஆரம்பிப்பார்கள்.

யாரும் ஆரம்பிக்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். அணு எரிந்துகொண்டிருந்தது. அனல் எரிந்துகொண்டிருந்தது. காற்று எரிந்துகொண்டிருந்தது.

"சாமி!" என்றார் வெள்ளையன். "ஊருக்கே கரண்டு இல்ல. எங்க காத்தாடிக்கு நிக்குது பாருங்க!"

"எங்களுதுந்தான் எரியுது," என்றார் பொன்னாயி, பதறாமல்.

கருப்பண்ணன் குண்டானைத் தொட்டுக் கும்பிட்டார். "மூணு நாட்டுக்கும் எரியுது. மலைக்காரன் கரண்டை எவனும் அமத்த முடியாதுங்க!"

மூன்று நாடும் சேர்ந்து கைதட்டியது. கோவில் விழாவில்கூட அப்படி ஒரே தாளத்தில் தட்டியதில்லை. கையே தட்டாதவர் ஒருவர்தான். அருணாசலம் பிளக்கைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், நின்றுபோன ஃபேனைப் பார்த்தார். அவருடைய இருபது ஆண்டு ஆய்வில் இது இல்லை.

சுசித்ரா பானுமதியின் பக்கம் சாய்ந்தார். "இது எப்படிங்க?"

பானுமதிக்கு அப்போதுதான் உறைத்தது. பூபதி கடையில் ஒரே வகைப் பல்புதான் விற்கும். இந்த மலையில் வேறு பல்பை எவரும் வாங்குவதில்லை.

"இன்வெர்ட்டர் பல்புங்க மேடம்," என்றாள் சின்னக் குரலில். "உள்ளயே பேட்டரி இருக்கும். கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் எரியும்."

சுசித்ராவின் முகத்தில் முதல்முறையாக நிறம் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மேடைக்குத் திரும்பினார். மைக் வேலை செய்யாததால் சத்தமாகவே பேசினார்.

"தலைமையாசிரியருக்குப் பாராட்டு. மூணு நாட்டையும் ஒண்ணாக் கைதட்ட வெச்சிருக்கீங்க. சார், உங்க டீச்சருக்கு மாறுதல் ஆணை வந்திருக்கே, ரிலீவ் பண்ணிட்டீங்களா?"

"அது... மேடம், புது டீச்சர் வர்ற வரைக்கும் பத்தாம் வகுப்பு அறிவியல்..."

"அதுக்கென்ன? அணு, அனல், காத்து எல்லாம் நீங்களே வடிவமைச்சதுன்னு சொன்னீங்களே. நாளையில இருந்து நீங்களே எடுங்க. அடுத்த மாசம் வந்து நானே பின்பெஞ்சுல உக்காந்து கேக்கறேன்."

மூன்று நாடும் இதற்கும் கைதட்டியது.

அருணாசலம் கையெழுத்துப் போட்டார். பட்டங்கள் எதுவும் சேர்க்காமல் வெறும் பெயரை மட்டும் போட்டது அன்றைக்குத்தான்.

ராசிபுரம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வெள்ளையன் ஏற்றிவிட்ட பலாப்பழம் ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டது. பொன்னாயியின் மரவள்ளிக் கிழங்கு மூட்டை காலடியில். கருப்பண்ணன் மிளகு கொண்டுவந்திருந்தார்; மற்ற இரண்டையும்விட விலை அதிகம் என்று மெதுவாகச் சொன்னார். மூவரும் கையாட்டிவிட்டு, ஒரே பைக்கில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்கள்.

அத்தாயி ஜன்னலோரம் வந்து நின்றாள். இரண்டு கையிலும் கவிழ்த்த இரண்டு குண்டான். வெள்ளைத்தாள் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வாரேங்க அத்தாயிக்கா. நீங்க வாங்கின பல்புதான் காப்பாத்துச்சு."

"நல்லபடியாப் போயிட்டு வா கண்ணு."

"ஒண்ணு மட்டும் புரியலைங்க. அந்தக் கரண்ட் சரியா அதே நிமிஷத்துலயா போகணும்? அப்புறம், நான் எச்.எம். சார்கிட்ட ஒண்ணு சொன்னா, அது போன்ல எப்படிங்க மூணு நாட்டுக்கும் போச்சு?"

பஸ் நகர்ந்தது. அத்தாயி குண்டான்களை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு இரண்டடி கூடவே நடந்தாள்.

"அவரு வாயிலதான் கண்ணு போச்சு. நான் டீ குடுக்கப் போறப்பெல்லாம் போன்ல மூட்டிவிட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. சண்டை வந்தா உன்னைய அனுப்ப வேண்டாமில்ல? இன்னிக்குக்கூட, சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாரு, கைக்குட்டையில நெத்தியைத் தொடைச்சா மெயினை அமத்திரோணும்னாரு. அமத்துனேன். என்ன பல்பு வாங்கிட்டு வந்தேன்னுதான் அவரு கடைசி வரைக்கும் கேக்கலை!"